மௌசர் 98 ரைஃபிளில் ஆக்‌ஷன் ஸ்க்ரூ திரும்பத் திரும்பத் தளர்வது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

பேரல் பொருந்தும் உலோக உடலான ரிசீவரை மரக் கட்டையோடு பிணைப்பவைதான் இந்த ஸ்க்ரூக்கள். இங்கே எடுத்துக்கொண்ட துப்பாக்கி மௌசர் 98 ரிசீவரில் கட்டப்பட்ட, .30-06 தோட்டா சுடும் வேட்டை ரைஃபிள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த ராணுவ மௌசர்கள் ஏராளம். பழைய கட்டையைக் கழற்றிவிட்டு வால்நட் கட்டையில் பொருத்தி, பேரலை மாற்றி வேட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்று இது. ஸ்க்ரூவைச் சுற்றி மரத்தில் பதிக்கும் உலோகக் குழலான பில்லர் கிடையாது, ரிசீவருக்கு அடியில் எபாக்சிப் பிசினால் வார்க்கும் படுக்கையான பெடிங் கிடையாது; ரிசீவர் நேராக மரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

புகார் இதுதான். இறுக்கிவிட்டுச் சுட்டால் முதல் பத்துப் பன்னிரண்டு தோட்டாக்கள் ஒரே இடத்தில் விழும். அதற்குப் பிறகு மேலும் கீழுமாக விரியத் தொடங்கும். பார்த்தால் முன் ஸ்க்ரூ கால் சுற்று தளர்ந்திருக்கும். மறுபடி இறுக்கினால் மறுபடி அதே கதை. கோடையில் ஓரளவு நிற்கும், ஹீட்டர் ஓடும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்தாலே தளர்ந்துவிடும். நீல நிற மரைப் பசை போட்டுப் பார்த்தபின் ஸ்க்ரூ சுழல்வது நின்றது. குண்டு சிதறுவது மட்டும் நிற்கவில்லை.

நோயைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கடைசித் தகவல்தான். ஸ்க்ரூ அசையவில்லை, ஆனாலும் பிடிப்பு போய்விட்டது. அப்படியென்றால் சுழன்று தளர்வது விளைவு; காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

அமைப்பு

மௌசர் 98-இல் ரிசீவரையும் டிரிகர் கார்டையும் (விசையைச் சுற்றியுள்ள காப்பு, மேகசின் பெட்டியும் இதோடு சேர்ந்தது) பிணைப்பவை இரண்டே ஸ்க்ரூக்கள். முன் ஸ்க்ரூ டிரிகர் கார்டின் முன் நாக்கு வழியாக மேலேறி ரீகாயில் லக்குக்குள்ளேயே (ரிசீவரின் அடியில் உதைப்பைத் தாங்கும் புடைப்பு) மரை பிடிக்கிறது. பின் ஸ்க்ரூ கட்டையின் கழுத்துப் பகுதி வழியாக ரிசீவரின் வாலில் பிடிக்கிறது. இரண்டுக்கும் கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 22 மரை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கடையில் எளிதாகக் கிடைக்கும் கால் அங்குல ஸ்க்ரூவுக்கு 20 அல்லது 28 மரை. ரெமிங்டன் 700-க்கு 28, வின்செஸ்டர் 70-க்கு 32, ஸ்பிரிங்ஃபீல்டு 1903-க்கு 25. விட்டம் ஒன்றுதானே என்று மாற்றிப் போட்டு முறுக்கினால் இரண்டு சுற்று போகும், மூன்றாவது சுற்றில் லக்கின் மரை சிதையும்.

ராணுவ வடிவில் இந்த இரண்டு ஸ்க்ரூவுக்கும் பக்கத்தில் ஆளுக்கொரு பூட்டு ஸ்க்ரூ உண்டு. பெரிய ஸ்க்ரூவின் தலை விளிம்பில் அரைவட்ட வெட்டுகள் இருக்கும். சிறிய ஸ்க்ரூவின் தலை அந்த வெட்டில் உட்கார்ந்து பெரியது சுழலாமல் தடுக்கும். பின் ஸ்க்ரூவைச் சுற்றிக் கட்டைக்குள் ஓர் எஃகுக் குழல். ஆக, 1898-லேயே மௌசர் தொழிற்சாலை இரண்டு வேலையைத் தனித்தனியாகப் பிரித்துச் செய்திருக்கிறது: குழல் பிடிப்பைக் காக்கிறது, பூட்டு ஸ்க்ரூ சுழற்சியைத் தடுக்கிறது. வேட்டைத் துப்பாக்கியாக மாற்றுகிறவர்கள் அழகுக்காகப் பூட்டு ஸ்க்ரூவை எடுத்துவிட்டு வழவழப்பான தலை போடுவது வழக்கம். புதுக் கட்டையில் குழலை மறந்துவிடுவதும் வழக்கம். இந்தத் துப்பாக்கியில் இரண்டுமே இல்லை.

பிரித்துப் பார்த்ததில்

முதலில் மேகசினைக் காலி செய்து, தோட்டா அமரும் சேம்பரை விரலால் தடவி, தோட்டாவை ஏற்றிப் பூட்டும் போல்ட்டை உருவி வெளியே வைத்துவிட வேண்டும். அடுத்து, ஆக்‌ஷனில் கைவைக்கும் முன் தொலைநோக்கி மவுண்டின் ஸ்க்ரூக்களைப் பார்க்க வேண்டும். சிதறலுக்கு அதுவும் பொதுவான காரணம். இங்கே அவை சரியாகவே இருந்தன.

ஆக்‌ஷனை இறுக்கிய நிலையில், கட்டையின் முன் நுனியும் பேரலும் சேருமிடத்தில் நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து முன் ஸ்க்ரூவை மெல்லத் தளர்த்தினால் முள் எவ்வளவு நகர்கிறது என்று தெரியும். 0.05 மி.மீ.க்குள் என்றால் ரிசீவர் நெளியாமல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலே போனால் ஸ்க்ரூ ரிசீவரை வளைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். டயல் கேஜ் இல்லாவிட்டால் அந்த இணைப்பின்மேல் விரல் நுனியை வைத்தாலே அசைவு தெரியும். இங்கே முள் அந்த எல்லையைத் தாராளமாகத் தாண்டியது. முன் ஸ்க்ரூ தளர்ந்தவுடன் ரிசீவர் ஊஞ்சல்போல் பின்பக்கம் சாய்ந்தது.

எதன்மேல் ஆடுகிறது? மேகசின் பெட்டியின் மேல் விளிம்பில் விடை இருந்தது. இடப்பக்க முன் மூலையில் நீலப்பூச்சு தேய்ந்து, நகக்கண் அகலத்துக்கு வெள்ளி மின்னியது. நேர் மேலே ரிசீவரின் அடியிலும் அதே அளவில் ஒரு மினுக்கம். உறுதிப்படுத்த, பெட்டியின் விளிம்பில் மெல்லிய காகிதக் கீற்றுகளை வைத்து ஸ்க்ரூக்களை இறுக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். முன்பக்கக் கீற்று கிழிந்துதான் வந்தது. பெட்டி ரிசீவரை முட்டிக்கொண்டிருக்கிறது. இரும்பு இரும்பை முட்டியவுடன் கையில் ‘நன்றாக இறுகிவிட்டது’ என்ற உணர்வு வரும். அந்த நேரத்தில் நடுவில் இருக்கும் மரம் அரைகுறையாகத்தான் அழுந்தியிருக்கும்.

ஸ்க்ரூ துளையில் இன்னொரு தடயம். முன் துளையின் பின்சுவரில் மரை அச்சு வரிவரியாகப் பதிந்திருந்தது. உதைப்பைத் தாங்க வேண்டியது லக். லக்கின் பின்முகத்துக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டால், ஒவ்வொரு வெடிக்கும் ரிசீவர் சற்றுப் பின்னே சறுக்கி ஸ்க்ரூவின் தண்டால் மரத்தைக் குத்தும்.

ஸ்க்ரூ நீளத்தையும் விட்டுவிடக் கூடாது. நீளம் கூடினால் மரையின் அடியில் முட்டி, தலை கார்டை அழுத்தும் முன்பே நின்றுவிடும். இல்லையேல் உள்ளே நீட்டிக்கொண்டு போல்ட்டை உரசும். ஸ்க்ரூ தளர்ந்திருக்கும்போது லேசாக ஓடும் போல்ட், இறுக்கியபின் கனக்கிறதென்றால் நுனியை அரத்தால் குறைக்க வேண்டும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

கணக்கு

முன் ஸ்க்ரூவை 5 நியூட்டன் மீட்டர் (சுமார் 44 இன்ச்-பவுண்டு) இறுக்கினால், எண்ணெய் இல்லாத மரையில் அது ஏறத்தாழ 4000 நியூட்டன், அதாவது 400 கிலோ எடைக்குச் சமமான இழுப்பைத் தரும். அந்த இழுப்பில் ஸ்க்ரூ நீளும். மௌசரின் முன் ஸ்க்ரூவில் இழுபடும் பகுதி குட்டையானது என்பதால் நீட்சி 0.02 மி.மீ.கூட இருக்காது, ஒரு தலைமுடியின் கனத்தில் கால் பங்குதான். இரும்போடு இரும்பு சேரும் இணைப்பில் மொத்தப் பிடிப்பும் இந்த நீட்சியில்தான் இருக்கிறது.

மரத்தின் கணக்கு வேறு. அமெரிக்கக் கறுப்பு வால்நட், இழைக்குக் குறுக்கே சதுர மில்லி மீட்டருக்கு 7 நியூட்டன் அளவில் நசுங்கத் தொடங்கும். கார்டின் நாக்கு மரத்தில் படும் பரப்பு 450 சதுர மி.மீ. என்று வைத்தாலும் 4000 நியூட்டனில் அந்த எல்லை தாண்டிவிடும். இறுக்குவதே மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்குகிறது. தளர்ந்ததும் இன்னும் கொஞ்சம் இறுக்குகிறோம், மரம் இன்னும் கொஞ்சம் ஒடுங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி இறங்கி இறங்கித்தான் பெட்டி ரிசீவரை முட்டும் நிலை வந்திருக்கிறது. தொழிற்சாலையில் யாரும் பெட்டியை உயரமாகச் செய்துவிடவில்லை.

போதாக்குறைக்கு ஈரப்பதம். காற்றில் 70 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது மரம் தன் எடையில் ஏறத்தாழ 13 சதவீதம் நீரைப் பிடித்துவைக்கும். 30 சதவீதக் காற்றில் 6 சதவீதம்தான். இந்த வேறுபாடு முழுவதும் மரத்துக்குள் இறங்கினால் 20 மி.மீ. கனமுள்ள வால்நட், இழை ஓடும் திசையைப் பொறுத்து 0.25 முதல் 0.4 மி.மீ. வரை சுருங்கும். பாலிஷ் இதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. மரத்தின் சொந்த வில்தன்மை கொஞ்சம் ஈடுகொடுக்கும், ஆனால் இவ்வளவுக்கு ஈடுகொடுக்காது. குளிர்காலத்தில் சுடாமலே தளர்ந்ததற்கு விளக்கம் இதுதான்.

பிடிப்பு குறைந்தபின் சுழற்சி தானாக வரும். ஸ்க்ரூவின் அச்சு வழியே வரும் அதிர்வு அதை அவ்வளவாகச் சுழற்றாது, குறுக்கே வரும் சறுக்கல்தான் சுழற்றிக் கழற்றும் என்பதை 1969-இல் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் சோதனையில் காட்டினார். ரைஃபிளின் உதைப்பு முழுக்க முழுக்கக் குறுக்குச் சறுக்கல்: ஸ்க்ரூ மேல்கீழாக நிற்கிறது, ரிசீவர் முன்பின்னாக ஓடுகிறது. பிடிப்பு இருக்கும்வரை உராய்வு சறுக்கவிடாது. பிடிப்பு போனதும் ஒவ்வொரு வெடியும் ஸ்க்ரூவுக்கு ஒரு சிறு தள்ளு. ஸ்பிரிங் வாஷர் போடச் சொல்லும் அறிவுரை இன்றும் சுற்றுகிறது. குறுக்குச் சறுக்கலில் அது ஏறக்குறைய வெட்டி.

மரைப் பசையின் கதையும் இப்போது தெளியும். பசை சுழற்சியை நிறுத்தும். நசுங்கும் மரத்தையும் சுருங்கும் மரத்தையும் அதனால் நிறுத்த முடியாது. ஸ்க்ரூ பூட்டியபடி நிற்க, கீழே மரம் விலகிப்போயிருக்கும். தளர்ந்த ஸ்க்ரூவாவது கைக்குத் தெரியும். பசை போட்டது அதையும் மறைத்துவிடும்.

சரிசெய்தல்

எனவே சரிசெய்ய வேண்டியது மூன்று: ஸ்க்ரூவின் இழுப்பை மரத்தில் விழவிடாத உலோகப் பாதை (பில்லர்), லக்குக்குப் பின்னால் முழு ஒட்டு, பெட்டிக்கும் ரிசீவருக்கும் நடுவே இடைவெளி. மூன்றையும் ஒரே பெடிங் வேலையில் முடிக்கலாம்.

பில்லரின் நீளத்தை ஊகிக்கக் கூடாது. கட்டை இல்லாமல் ரிசீவரையும் டிரிகர் கார்டையும் ஒன்றோடொன்று வைத்து, பெட்டியின் விளிம்பில் நான்கு மூலையிலும் 0.3 மி.மீ. பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்து, ஸ்க்ரூக்களை விரல் இறுக்கத்தில் மாட்ட வேண்டும். அந்த நிலையில் லக்கின் அடிமுகத்துக்கும் கார்டின் முன் நாக்குக்கும் உள்ள தூரமே முன் பில்லரின் நீளம். வாலில் அளப்பது பின் பில்லரின் நீளம். பல கார்டுகளில் முன் துளையைச் சுற்றி ஒரு குட்டை மேடு இருக்கும், அதைக் கழித்து அளக்க வேண்டும். இடைவெளி 0.3-க்குக் கீழே போனால் பெயின்ட்டும் தூசியும் சேர்ந்தே முட்டவைத்துவிடும். 0.5-ஐத் தாண்டினால் தோட்டா ஏறும் உயரம் மாறித் தடங்கல் வரலாம்.

பில்லர் எஃகிலோ அலுமினியத்திலோ இருக்கலாம். வெளிவிட்டம் 12 மி.மீ., உள்விட்டம் 7.2 மி.மீ. 6.35 மி.மீ. ஸ்க்ரூவைச் சுற்றி எல்லாப் பக்கமும் 0.4 மி.மீ. காற்று இருக்கும், தண்டு எங்கும் உரசக் கூடாது. மற்ற ரைஃபிள்களுக்குப் போடும் 14 மி.மீ. பில்லரை மௌசரின் முன்பக்கத்தில் போட வேண்டாம். லக்கின் குழிக்கும் மேகசின் குழிக்கும் நடுவே உள்ள மரச் சுவர் மெல்லியது. கட்டை பிளக்கத் தொடங்குவதும் அங்கேதான். பில்லரின் இரு முனையையும் லேத்தில் சதுரமாக வெட்டி, பிசிறை எடுத்து, வெளிப்புறத்தில் எபாக்சி பிடிக்க வரித்தடம் போட வேண்டும். வெறும் அரத்தால் தேய்த்த கோணல் முனை முதல் நாளே 0.02 மி.மீ. அமுங்கும், மேலே போட்ட கணக்கில் அதுவே முழுப் பிடிப்பு.

கட்டையில் துளையை 13 மி.மீ.க்கு அகலப்படுத்த டிரில் பிரஸ்தான் சரி. கைத் துளைக்கருவி பழைய துளையின் கோணத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். லக்கின் பின்சுவரிலும் ரிசீவர் வளையத்தின் கீழும் வாலின் கீழும் 1.5 முதல் 2 மி.மீ. மரத்தை உளியால் எடுக்க வேண்டும். ஓரங்களில் பழைய மட்டத்தில் ஒரு மெல்லிய வரம்பை விட்டுவைத்தால் ரிசீவர் உயரம் மாறாது. பழைய கட்டைகளில் வாலைச் சுற்றி மரம் துப்பாக்கி எண்ணெயில் ஊறிக் கறுத்திருக்கும். அசிட்டோனில் நனைத்த துணியை மாற்றி மாற்றி வைத்து, துணி வெளுத்து வரும்வரை எடுக்காவிட்டால் எபாக்சி மரத்தைப் பிடிக்காது, சில மாதத்தில் தோலாகக் கழன்று வரும்.

ரிசீவர் பக்கம் செய்ய வேண்டியது நுணுக்கமானது. லக்கின் முன்முகத்திலும் இரு பக்கத்திலும் 0.25 மி.மீ. டேப் ஒட்ட வேண்டும். பின்முகத்தில் ஒட்டக் கூடாது, அதுதான் உதைப்பைத் தாங்கும் முகம். மற்ற ரைஃபிள்களில் லக்கின் அடியிலும் டேப் ஒட்டி இடைவெளி விடுவார்கள். மௌசரில் ஸ்க்ரூவே லக்குக்குள் போவதால் அடிமுகம் பில்லர்மேல் நேராக உட்கார வேண்டும், அங்கே டேப் வேண்டாம். துளைகள், போல்ட் தடம், டிரிகர் இடம் என எல்லாப் பள்ளங்களையும் மாடலிங் களிமண்ணால் அடைக்க வேண்டும். அடைக்காமல் விட்ட ஒரு சிறு குழியில் எபாக்சி இறுகினால் ரிசீவர் கட்டையை விட்டு வராது. பிறகு எபாக்சி படக்கூடிய ஒவ்வோர் இடத்திலும், ஸ்க்ரூ மரையிலும் கூட, நிறமற்ற கிவி ஷூ பாலிஷை இரண்டு முறை தடவித் துடைக்க வேண்டும். பில்லரின் வெளிப்புறத்தில் மட்டும் பாலிஷ் படக் கூடாது.

எபாக்சிக்கு டெவ்கான் பிளாஸ்டிக் ஸ்டீல் புட்டி (எடைக் கணக்கில் 9-க்கு 1) அல்லது அக்ராகிளாஸ் ஜெல் (கன அளவில் சமபங்கு). திரவ அக்ராகிளாஸின் விகிதம் 4-க்கு 1. ஜெல்லோடு குழப்பிக்கொண்டால் கலவை இறுகாமல் கோந்தாக நிற்கும். 40 கிராம் கலவை இந்த வேலைக்குத் தாராளம். அறை 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் அன்று கலக்காமல் இருப்பது நல்லது.

தலையில்லாத வழிகாட்டித் தண்டுகளை அதே 22 மரையில் ரிசீவரில் மாட்டி, பில்லர்களை அவற்றில் கோத்து, கலவை பூசிய கட்டைக்குள் ரிசீவரை இறக்க வேண்டும். பேரலின் முன் நுனியில் டேப் சுற்றியிருந்தால் அது பள்ளத்தின் நடுவில் நிற்கும். கார்டையும் பாலிஷ் பூசி ஷிம்மோடு தன் இடத்தில் வைக்க வேண்டும். அழுத்தத்துக்கு ரப்பர் டியூபைச் சுற்றினால் போதும். ஸ்க்ரூ போட்டு முறுக்கினால் ரிசீவர் வளைந்த நிலையிலேயே எபாக்சி இறுகி, பழைய நெளிவு நிரந்தரமாகிவிடும். பிதுங்கியதை அரை இறுக்கத்தில் மரக் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு 24 மணி நேரம் தொடக் கூடாது.

கழற்ற, பேரலின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டினால் வரும். அடம்பிடித்தால் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துத் தட்டலாம். டேப்பை உரித்து, துளைகளில் புகுந்த எபாக்சியை 7.2 மி.மீ. டிரில்லால் சுத்தம் செய்து, லக்கின் பின்முகத்தில் மை தடவி ஒட்டுப் பார்க்க வேண்டும். குமிழி விழுந்த சிறு பள்ளம் இருந்தால் பரவாயில்லை. ஒரு பக்க மூலையில் மட்டும் மை பட்டிருந்தால் அந்த முகத்தை மட்டும் மறுபடி பூச வேண்டும்.

இறுக்குதல்

பழைய ஸ்க்ரூக்களின் தலையில் ஸ்க்ரூடிரைவர் நுழையும் பிளவு சிதைந்திருந்ததால் இரண்டையும் மாற்றியாயிற்று. புதியவற்றில் விளிம்பு வெட்டு உள்ள ராணுவ வடிவத்தையே தேர்ந்து, பூட்டு ஸ்க்ரூவையும் திரும்பப் போட்டதுதான் சரியான முடிவு. கார்டில் அதற்கான துளை சும்மாவே கிடந்தது. பிளவின் கனத்துக்குப் பொருந்தும் இணைச்சுவர் பிட் வேண்டும். ஆப்புபோல் சரிந்த சாதாரண ஸ்க்ரூடிரைவர் 5 நியூட்டன் மீட்டரை (நி.மீ.) எட்டும் முன்பே வழுக்கி மேலேறும்.

மரையில் இருந்த பசைத் துகளையும் எண்ணெயையும் அசிட்டோனால் கழுவி உலரவிட வேண்டும். அதே டார்க் (முறுக்கு விசை) அளவில் எண்ணெய் பட்ட மரை உலர்ந்ததைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகம் இழுக்கும். இன்று உலர்ந்தது, நாளை ஈரமானது என்று மாறினால் எண்ணுக்கே அர்த்தமில்லை. துப்பாக்கியைக் கட்டையின் அடி தரையில் ஊன்றி நிற்கவைத்து, லேசாகத் தட்டினால் லக் தன் பின்சுவரில் உட்காரும். அந்த நிலையிலேயே முன் ஸ்க்ரூ 2.5 நி.மீ., பின் ஸ்க்ரூ 2.5, மறுபடி முன் 5, பின் 5. பில்லர் உள்ள கட்டைகளுக்கு 65 இன்ச்-பவுண்டு (7.3 நி.மீ.) வரை போகிறவர்கள் உண்டு, அறுகோணத் தலை ஸ்க்ரூவுக்கு அது சரி. பிளவுத் தலை மௌசருக்கு 5 முதல் 5.5 போதும். பில்லர் போடாத கட்டையில் 4-ஐத் தாண்டக் கூடாது.

பசை வேண்டுமா? பூட்டு ஸ்க்ரூ இருந்தால் வேண்டாம். இல்லாதவர்கள் ஊதா நிற லாக்டைட் 222-ஐ ஒரு சொட்டு போடலாம். சிவப்பு வகை 250 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் விடும், அதற்குள் மரமும் எபாக்சியும் போய்விடும்.

வேலை பலித்ததா என்பதை இப்படிச் சோதிக்கலாம். ஸ்க்ரூ தலைக்கும் கார்டுக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு. டயல் கேஜ் முன்போல் வைத்து முன் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் முள் 0.05-க்குள் நிற்க வேண்டும். பெட்டிக் காகிதக் கீற்று தடையில்லாமல் உருவி வர வேண்டும். 20 தோட்டா சுட்டபின் டார்க் டிரைவரை அதே 5-இல் வைத்தால் ஸ்க்ரூ நகராமல் ‘க்ளிக்’ கேட்க வேண்டும். முதல் முறை ஒரு மயிரிழை நகர்ந்தால் அது புது முகங்கள் அமர்வது, குற்றமில்லை. இரண்டாம் இருபதிலும் நகர்ந்தால் பில்லர் முனை கோணல், அல்லது கார்டு இன்னும் மரத்தில்தான் உட்கார்கிறது. கோடு நகராமல் டார்க் மட்டும் குறைந்திருந்தால் சுழற்சி இல்லை, எங்கோ அமுங்குகிறது.

வேறு ரைஃபிள்களில் இதே நோய்

மூன்று ஸ்க்ரூ உள்ளவற்றில், உதாரணம் வின்செஸ்டர் 70, நடு ஸ்க்ரூ கார்டைப் பிடித்துவைக்க மட்டுமே. முன்னும் பின்னும் முழு டார்க், நடுவில் விரல் இறுக்கத்துக்குச் சற்று மேல். அதை மற்றவற்றோடு சமமாக இறுக்கினால் ரிசீவர் நடுவில் வளையும். ரெமிங்டன் 700 போன்று மேகசின் பெட்டி தனித்தகடாக இருப்பவற்றில் காகிதச் சோதனை தேவையில்லை: ஸ்க்ரூக்களை இறுக்கியபின் பெட்டி கையால் ஆட்டினால் ஆட வேண்டும்.

லீ-என்ஃபீல்டில் நிலைமை தலைகீழ். இந்தியாவில் இஷாபூர் தொழிற்சாலையிலும் செய்யப்பட்ட இந்த வகையில், டிரிகர் கார்டின் முன் ஸ்க்ரூவைச் சுற்றி ஏற்கெனவே ஓர் எஃகுக் குழல் உண்டு. மரம் சுருங்கினால் குழல் மரத்தைவிட நீளமாகி, ஸ்க்ரூ குழலை மட்டும் இறுக்கும், முன்கட்டை தளர்ந்து ஆடும். அங்கே குழலை அரத்தால் சிறிது சிறிதாகக் குறைத்து, மரம் லேசாகக் கவ்வும் அளவில் நிறுத்த வேண்டும்; ஒரேயடியாகக் குறைத்துவிட்டால் மரம் நசுங்கி மௌசரின் கதை ஆரம்பமாகும். இந்தியாவில் துப்பாக்கி பழுதுபார்க்க 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் தேவை என்பதால், அளந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு அரம் போடும் வேலையை உரிமம் உள்ள கடையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது ‘ஸ்க்ரூ தளர்கிறது’ என்று மட்டும் சொல்லாமல், எத்தனை தோட்டாவுக்குப் பின், எந்தப் பருவத்தில், கோடு நகர்ந்ததா இல்லையா என்பதையும் எழுதிக் கொடுத்தால் பசையோடு திரும்பி வராது.